மூன்று பேர் மிச்சம், மூன்று நிமிடம் மிச்சம்

2022 டிசம்பர் 15 அன்று மும்பையில் நடந்த புரோ கபடி ஒன்பதாவது சீசனின் அரையிறுதியில் புனேரி பல்டன் 39, தமிழ் தலைவாஸ் 37. இரண்டே புள்ளியில் இறுதிப் போட்டி நழுவியது. அதற்கு முந்தைய நான்கு சீசன்களிலும் லீக் சுற்றைத் தாண்டாத அணி தலைவாஸ். அரையிறுதி வரை வந்ததே பெரிய காரியம் என்று மகிழ்ந்திருக்கலாம். ஆனால் சம்பாப் பயிர் பொதிகட்டி நின்ற அந்த மார்கழித் தொடக்கத்தில், தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்து டீக்கடைகளில் பேச்சு அப்படிப் போகவில்லை. கடைசி நிமிடங்களில் யாரை ரெய்டுக்கு அனுப்பினார்கள், ஏன் அனுப்பினார்கள், டைம் அவுட் எப்போது கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. தோற்றது வருத்தம். தோற்ற விதம் கோபம். அந்தக் கோபம் போய் நின்ற இடம் பயிற்சியாளர் உட்காரும் நாற்காலி.

இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது, அதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். கிரிக்கெட் ரசிகனின் கோபத்தோடு இதை ஒன்றாக வைக்க முடியாது. காவிரி டெல்டாவில் கபடி பார்க்க உட்காருபவர்களில் பெரும்பாலானோர் கபடி ஆடியவர்கள், அல்லது ஆடியவனின் தம்பியோ, அக்காவோ, மகனோ. கணுக்காலைப் பிடித்தவனின் கை எங்கே நழுவும் என்பது அவர்களுக்கு உடம்பால் தெரியும்.

காவிரிக் கரை ஊர்களில் கபடியின் காலம் தையில் தொடங்கிக் கோடை வரை நீள்கிறது. ஜூன் 12 மேட்டூர் திறப்பை நம்பிக் குறுவை, பிறகு சம்பா, தாளடி என்று ஆண்டின் பெரும்பகுதி ஆட்கள் சேற்றில் நிற்கிறார்கள். அறுவடை முடிந்தாலும் வயல் சும்மா கிடப்பதில்லை. கதிர் அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே ஈரத்தில் உளுந்தோ பயறோ தெளித்துவிடுகிறார்கள். அதனால் ஆட்டம் நடப்பது கோயில் திடலில், பள்ளிக்கூட மைதானத்தில், வண்டல் மண்ணைக் கொத்திக் கட்டி பொறுக்கித் தண்ணீர் தெளித்துச் சமன் செய்த களத்தில். சுண்ணாம்புக் கோடு, சுற்றிலும் கயிறு, மேலே விளக்கு, ஒலிபெருக்கியில் ஓயாத வருணனை. முதல் பரிசு இன்னார் உபயம், சுழற்கோப்பை இன்னார் நினைவாக என்று நோட்டீஸில் ஊர்ப் பெயரோடு அச்சாகியிருக்கும். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் விடிய விடிய ஓடும்.

அந்தக் களத்தில் முடிவெடுப்பவர் யார்? அணித் தலைவன் ஒருவன் இருப்பான். ஆனால் கயிற்றுக்கு வெளியே நிற்கும் பழைய ஆட்டக்காரர்கள் எல்லோரும் முடிவில் பங்குதாரர்கள். "தம்பி, கோட்டைத் தொட்டுட்டு வந்துடு, உள்ள போவாத" என்று ஒரு பெரியப்பா கத்துவார். "அவன விடுங்கண்ணே, எடது கார்னர் காலு வலிக்கிது அவனுக்கு, போவட்டும்" என்று இன்னொருவர் மறுப்பார். பாடப் போகிறவன் இரண்டையும் கேட்டுக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டுவான். ஜெயித்தால் ஊரே சொன்னது. தோற்றால் மறுநாள் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்வார்கள். முடிவு பொதுவில் எடுக்கப்பட்டது, பழியும் பொதுவில் பகிரப்பட்டது.

2014 ஜூலையில் புரோ கபடி தொடங்கியபோது இதே ஆட்டம் மெத்தை விரிப்புக்கும் தொலைக்காட்சிக்கும் போனது. விதிகள் இறுகின. ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. தொடர்ந்து இரண்டு ரெய்டில் புள்ளி இல்லை என்றால் மூன்றாவது 'டூ ஆர் டை': புள்ளி எடுக்க வேண்டும், இல்லையென்றால் பாடியவன் வெளியே. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது ரைடரைப் பிடித்தால் 'சூப்பர் டேக்கிள்', இரண்டு புள்ளி. ஏழு பேரையும் காலி செய்தால் கூடுதலாக இரண்டு. எதிரில் ஆறு பேராவது இருந்தால்தான் போனஸ் கோடு செல்லும். இத்தனையும் சேர்ந்ததும் ஆட்டம் கணக்குப் போடும் ஆட்டமாக மாறியது. கணக்குப் போட ஓர் ஆள் வேண்டும். அவர்தான் பயிற்சியாளர்.

கயிற்றோரம் நின்ற பெரியப்பா இப்போது தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர் கத்துவது யாருக்கும் கேட்காது. ஆனால் டைம் அவுட்டில் பயிற்சியாளர் பேசுவது இவருக்குக் கேட்கிறது, ஒலிவாங்கியை அங்கேயே கொண்டுபோய் நீட்டுகிறார்கள். முடிவெடுக்கும் இடத்தைக் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம், கை வைக்க முடியாது. பல சீசன்களில் அந்தப் பேச்சே இந்தியில் நடந்தது, ஆட்டக்காரர்களில் பலர் அரியானாவிலிருந்தும் இமாச்சலத்திலிருந்தும் வந்தவர்கள் என்பதால். டெல்டா ரசிகனின் எரிச்சலில் ஒரு பகுதி இந்த இழப்பு என்று நான் நினைக்கிறேன். தன் கையில் இருந்த ஒன்று வேறு கைக்குப் போன எரிச்சல்.

இனி அந்தக் கணக்கையே எடுத்துப் பார்க்கலாம். நம் அணி 4 புள்ளி முன்னிலை. மூன்று நிமிடம் மிச்சம். களத்தில் நம் ஆட்கள் மூன்றே பேர், எதிரில் ஏழு பேர். 180 விநாடியை முழு முழு ரெய்டாக ஓட்டினால் ஆறு ரெய்டு, நமக்கு மூன்று, அவர்களுக்கு மூன்று. பயிற்சியாளருக்கு எதிரே இருப்பவை இரண்டு மூன்று வழிகள்தான். முதல் வழி: நம் ரைடரை உள்ளே விடாமல் கோட்டைத் தாண்டித் தொட்டுவிட்டு வரச் சொல்வது, நேரத்தைக் கரைப்பது, மூன்று பேரை அப்படியே வைத்துக்கொண்டு சூப்பர் டேக்கிளுக்குக் காத்திருப்பது. ஆனால் இரண்டு முறை வெறுங்கையோடு வந்தால் மூன்றாவது ரெய்டு டூ ஆர் டை ஆகிவிடும், அது விழுவது கடைசி நிமிடத்தில். இரண்டாவது வழி: இப்போதே உள்ளே போய் ஒரு தொடுபுள்ளி எடுத்து ஓர் ஆளை மீட்பது. மீட்டால் நான்கு பேர், சூப்பர் டேக்கிள் வாய்ப்புப் போயிற்று. மாட்டிக்கொண்டால் இரண்டு பேர், அடுத்த ரெய்டிலேயே காலியாகலாம். காலியானால் எதிரணிக்கு மூன்று ஆளும் கூடுதல் இரண்டும் சேர்த்து ஐந்து புள்ளி. நான்கு புள்ளி முன்னிலை ஒரு புள்ளிப் பின்னடைவாக மாறும். மூன்றாவதாக ஒரு துணிச்சலான வழியும் உண்டு. நேரம் நிறைய இருக்கும்போதே காலியாகி, ஏழு பேரோடு புதிதாக ஆடுவது. கடைசி மூன்று நிமிடத்தில் அதை யாரும் செய்ய மாட்டார்கள். எட்டு நிமிடம் மிச்சமிருக்கும்போது செய்யலாம். செய்தால் ரசிகர்கள் விட மாட்டார்கள்.

இந்த வழிகளில் எதுவும் தவறென்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எதிரில் வரும் ரைடர் வலக்காலை நீட்டுகிறவனா, கையால் தொடுகிறவனா, நம் கார்னர் இன்று எத்தனை முறை ஏமாந்தான், எவன் மூச்சு வாங்குகிறான், இவற்றைப் பொறுத்தது அது. ரசிகனின் தீர்ப்போ ரெய்டு முடிந்த பிறகு வருகிறது. மூவரும் சேர்ந்து அமுக்கிவிட்டால் பயிற்சியாளர் மூளைக்காரர். ரைடர் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் அதே முடிவு கோழைத்தனம்.

1988-இல் ஜோனதன் பேரன், ஜான் ஹெர்ஷி என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். மருத்துவ முடிவுகளையும் பணப் பந்தயங்களையும் வைத்து நடத்திய சோதனை. முடிவெடுத்தவருக்குத் தெரிந்த தகவல் ஒன்றே; விளைவை மட்டும் சிலருக்கு நல்லதாகவும் சிலருக்குக் கெட்டதாகவும் சொன்னார்கள். கெட்ட விளைவைக் கேட்டவர்கள், அதே முடிவை மோசமான முடிவு என்றே மதிப்பிட்டார்கள். விளைவைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டவர்களும் அதிலிருந்து தப்பவில்லை. நாம் எல்லோரும் அப்படித்தான்.

பயிற்சியாளர்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கா என்றால், இல்லை. அமெரிக்கக் கால்பந்தில் நான்காவது முயற்சியில் துணிந்து ஆடுவதா, பந்தை உதைத்து அனுப்பிவிடுவதா என்ற கேள்வியைப் பொருளியலாளர் டேவிட் ரோமர் 2006-இல் ஆராய்ந்தார். ஆட வேண்டிய பல இடங்களில் பயிற்சியாளர்கள் உதைத்து அனுப்பிவிடுகிறார்கள் என்பது அவர் கண்டது. அடுத்த ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு 286 பெனால்டி உதைகளைப் பார்த்தது. கோல் காப்பாளர் நடுவிலேயே நிற்பதுதான் சிறந்தது என்று புள்ளிவிவரம் சொன்னாலும், நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட தடவை அவர்கள் ஏதோ ஒரு பக்கம் பாய்ந்தார்கள். நின்று கோல் வாங்கினால் ஏச்சு அதிகம். பாய்ந்து வாங்கினால் முயன்றான் என்பார்கள். முதல் ஆய்வில் துணியாமை, இரண்டாவதில் வீண் பாய்ச்சல். ஆனாலும் இரண்டிலும் பின்னால் இருந்து ஆட்டிவைப்பது பார்ப்பவர்களின் பழி என்றே நான் படிக்கிறேன். அப்படியானால் கபடிப் பயிற்சியாளரைப் பயந்தாங்கொள்ளி என்று ஏசும் நாமே அவரைப் பயப்பட வைப்பவர்களும் ஆகிறோம். எட்டு நிமிடம் மிச்சமிருக்கும்போது காலியாகிப் புதிதாக ஆடலாம் என்று அவர் மனத்தில் ஒரு கணக்கு ஓடினாலும், ஓடிய கணக்கை அவர் வாயைத் திறந்து சொல்ல முடியாது.

தமிழ் தலைவாஸின் வரலாறே பயிற்சியாளர் மாற்றங்களின் வரலாறு. 2017-இல் அணி தொடங்கியபோது காசிநாதன் பாஸ்கரன். 2014-இல் ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸை முதல் சாம்பியன் ஆக்கியவர். ஆனாலும் தலைவாஸ் தன் பிரிவில் கடைசி. அடுத்து வந்த எடச்சேரி பாஸ்கரன் யு மும்பாவுக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். 2018-இலும் பிரிவில் கடைசி. 2019-இல் அஜய் தாகூர், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லார் என்று நட்சத்திரங்களைக் குவித்து வைத்திருந்தும் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது. சீசன் நடுவிலேயே பயிற்சியாளர் மாறி உதயகுமார் வந்தார். கோப்பை வென்ற இருவர் இங்கே வந்ததும் ஆட்டத்தை மறந்துவிட்டார்களா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2022-தான் ரசிகர்களின் வாதத்துக்கு வலுவான சான்று. 2 கோடியே 26 லட்சத்துக்கு வாங்கிய பவன் செராவத், அக்டோபர் 8 அன்று குஜராத்துக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே முழங்கால் அடிபட்டு வெளியேறினார். சந்திரன் ரஞ்சித்தைப் பிடிக்கப் போய் வந்த அடி அது. அணி தடுமாறியது. உதயகுமாருக்குப் பதில் ஆஷன் குமார் வந்தார். முதல் சீசன் ஆடிய நரேந்தர் 243 ரெய்டு புள்ளி குவித்தார். அரையிறுதி. பயிற்சியாளரை மாற்றினால் போதும், எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கைக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அடுத்த சீசனைப் பாருங்கள். அதே ஆஷன் குமார். அதே நரேந்தர், அஜிங்கியா பவார், சாகர், சாகில் குலியா. ஒன்பதாவது இடம். நெதர்லாந்துக் கால்பந்தில் 1986 முதல் 2004 வரை நடந்த பயிற்சியாளர் மாற்றங்களை ஆராய்ந்த பாஸ் தெர் வேல், இதைப் போன்ற ஒன்றைத்தான் கண்டார். பயிற்சியாளரை நீக்கிய அணிகள் பிறகு தேறின, உண்மைதான். அதே அளவு சரிந்திருந்தும் நீக்காமல் விட்ட அணிகளும் அவ்வாறே தேறின. அடிமட்டத்துக்குப் போன அணி கொஞ்சம் மேலே வருவது இயல்பு. அந்த இயல்புக்கான பாராட்டைப் புதிதாக வந்தவர் வாங்கிக்கொள்கிறார்.

என் வாதம் இதுதான். கடைசி மூன்று நிமிடத்தில் பயிற்சியாளர் எடுக்கும் முடிவு நாம் நினைக்கும் அளவுக்குப் பெரியதல்ல. அந்த மூன்று நிமிடத்தில் களத்தில் யார் நிற்கிறார்கள் என்பது ஏலத்தன்றே முடிவாகிவிடுகிறது. எங்கள் ஊர்க் கோபம் தவறானதென்று சொல்ல வரவில்லை. சில மாதம் தாமதமாக, தவறான ஆள்மீது விழுகிறது என்றுதான் சொல்கிறேன்.

கே. பிரபஞ்சனை எடுத்துக்கொள்ளுங்கள். சங்ககிரிக்காரர். 2017-இல் தலைவாஸுக்கு ஆடி 100-க்கு மேல் ரெய்டு புள்ளி எடுத்தார். அடுத்த ஆண்டு அவர் இங்கே இல்லை, குஜராத்துக்குப் போனார். குஜராத் அந்தச் சீசனில் இறுதிப் போட்டிக்குப் போனது, தலைவாஸ் பிரிவின் அடியில் கிடந்தது. 2024 மார்ச்சில் புனேரி பல்டன் கோப்பை தூக்கியபோது அதன் தடுப்பு வரிசையில் தமிழர் அபினேஷ் நடராஜன் இருந்தார். 2022-இல் பவனை எதிர்த்துக் குஜராத்துக்குத் தலைமை தாங்கிய சந்திரன் ரஞ்சித்தும் தமிழர்தான். தமிழன் ஆடினால் தமிழ்நாடு ஜெயிக்கும் என்ற வெறும் பாசத்தில் இதைச் சொல்லவில்லை. ஆட்டக்காரனுக்கும் பெஞ்சுக்கும் இடையே ஒரே பேச்சு இருந்தால் 30 விநாடியில் சொல்ல வேண்டியது சொல்லிவிடப்படும். பழகிய பிடி, பழகிய ஜோடி, வருடக்கணக்காகச் சேர்ந்து ஆடிய கார்னரும் கவரும் இருந்தால் பயிற்சியாளர் வாய் திறக்கவே தேவையில்லை. டெல்டாவின் ஊர் அணிகளில் இருப்பது அதுதான். 2019-இன் நட்சத்திரக் கூட்டத்தில் இல்லாமல் போனதும் அதுதான்.

இந்த இடத்தில் தஞ்சை மாவட்டத்துக்காரர் ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும். கல்லணைப் பக்கத்துத் திருச்சனம்பூண்டியில் 1975-இல் பிறந்த சேரலாதன் தர்மராஜ். கபடி உலகம் முழுவதும் வயது வித்தியாசமில்லாமல் 'அண்ணா' என்று அழைக்கும் தடுப்பாட்டக்காரர். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, 2016-இல், பாட்னா பைரட்ஸுக்குத் தலைவராக இருந்து கோப்பை வென்றார். அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாதில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அவர் ஆடியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முடிவு பெஞ்சிலிருந்து வந்ததில்லை. ரைடர் எட்டி வைக்கும் அடியைப் பார்த்துப் பக்கத்தில் நிற்பவனின் கையைச் சற்றே இழுப்பார், ஒரு சொல் சொல்வார், வரிசை அரை அடி பின்வாங்கும். ரைடர் இடம் இருக்கிறது என்று நம்பி இன்னோர் அடி வைப்பான். கணுக்கால் அண்ணா கையில் இருக்கும். திடலில் கயிற்றோரம் இருந்து கத்திய பெரியப்பாவின் அறிவு, களத்துக்குள்ளேயே நின்ற காட்சி அது.

2024-இல் பதினோராவது சீசனுக்கு உதயகுமாரைத் தலைமைப் பயிற்சியாளராகவும், சேரலாதனை வியூகப் பயிற்சியாளராகவும் தலைவாஸ் நியமித்தபோது டெல்டாவில் பெரிய எதிர்பார்ப்பு. இனி நம் ஆள் பெஞ்சில் இருக்கிறார், நம் பேச்சில் பேசுவார் என்று. அந்த ஏலத்தில் அணி 2 கோடியே 15 லட்சம் கொடுத்து சச்சின் தன்வாரை எடுத்தது. சீசன் முடிவில் மீண்டும் ஒன்பதாவது இடம். ஏச்சு இந்த முறை நம் ஊர்க்காரர்மீதும் விழுந்தது. களத்துக்குள் நின்று அரை அடியில் ஆட்டத்தைத் திருப்பிய மனிதருக்குக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து என்ன செய்ய முடியும் என்று அப்போது யாராவது யோசித்திருக்கலாம். அவர் கையால் இழுத்துப் பின்வாங்க வைக்கும் வரிசை அங்கே இல்லை. அது சேர்ந்து ஆடிப் பல வருடத்தில் உருவாவது, ஒரு சீசனுக்கான ஒப்பந்தத்தில் கிடைப்பதில்லை.

2025-இல் சஞ்சீவ் பாலியான் வந்தார். 2022-இல் புனேயை இறுதியில் 33-29 என்று வென்று ஜெய்ப்பூரைச் சாம்பியன் ஆக்கியவர் அவர்தான். பவன் செராவத்தும் அணிக்குத் திரும்பினார். சீசன் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே பவன் அணியை விட்டுப் போனார், அர்ஜுன் தேஷ்வால் தலைமை ஏற்றார். பயிற்சியாளர் பெயர் மாறியது, தலைவர் பெயர் மாறியது. ஒவ்வொரு ஏலத்திலும் பாதி அணி கலைக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுவது மட்டும் மாறவில்லை.

டெல்டா ரசிகர்களிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்று உண்டு, அவர்களால் மட்டுமே முடியும் என்பதால். மன்னார்குடியிலோ பாபநாசத்திலோ ஒரு தைமாதத் திடலில் ஒரு பையன் மூன்று சீசனாக ஒரே கார்னரில் நின்று கணுக்கால் பிடிப்பதை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவனுக்கு யார் வலை விரித்தார்கள், எந்த அணியின் ஆள் அந்தத் திடலுக்கு வந்து பார்த்தார், வந்தவர் தலைவாஸின் ஆளா வேறு மாநிலத்து ஆளா என்று கேட்கத் தகுதியுள்ளவர்களும் அவர்களே. கடைசி மூன்று நிமிடத்தில் டைம் அவுட் எப்போது எடுத்தார்கள் என்று கேட்கும் அதே சத்தத்தோடு, இந்தக் கேள்வியை ஏலத்துக்கு முன்பே அணி நிர்வாகத்திடம் கேட்க வேண்டும்.